ஃபார்மேட் அடிப்பதற்கு முன் ஒரு பென் டிரைவ்

"அண்ணே, ஃபார்மேட் அடிச்சிடலாமா?"

தமிழ்நாட்டில் கணினி பழுதுபார்க்கும் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் காதில் விழும் கேள்வி இது. சிஸ்டம் மெதுவாகப் போனாலும் சரி, வைரஸ் புகுந்தாலும் சரி, ஸ்பீக்கரில் சத்தம் வராவிட்டாலும் சரி, மருந்து ஒன்றுதான். "டி டிரைவ்ல முக்கியமானது ஏதாச்சும் இருக்கா?" என்று கடைத் தம்பி ஒரு வார்த்தை கேட்பார். சாயங்காலம் வரச் சொல்வார். போனால் பெட்டி புதுசு போல ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் உண்டு, ஆபிஸ் உண்டு, கேட்காமலே போட்டோஷாப்பும் உண்டு. சில நூறு ரூபாய் கூலி. அதிலிருந்து மைக்ரோசாஃப்டுக்குப் போவது ஒரு பைசாகூட இல்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாடு இருபது வருடத்துக்கும் மேலாக ஊரறிந்த ரகசியமாக ஓடியது. 2025 அக்டோபர் 14 அன்று அதில் ஒரு கீறல் விழுந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு தவணை கொடுத்தது; அதற்கும் அந்நிறுவனத்தின் கணக்கில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அது எல்லாப் பெட்டியையும் உள்ளே விடுவதில்லை. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்கிறது.

2017-இல் ஏழாம் தலைமுறை ஐ5 சிப்போடு வாங்கிய மேசைக்கணினி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பதாயிரம் கொடுத்து, மூத்தவள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. திரை தெளிவாக இருக்கிறது, விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை, மின்விசிறி மட்டும் கொஞ்சம் உறுமும். அதில் நடப்பதெல்லாம் மின்வாரியக் கட்டணம், யூடியூப், எப்போதாவது ஒரு விண்ணப்பக் கடிதம். அந்தப் பெட்டியைத்தான் சியாட்டல் பக்கத்திலிருந்து ஒரு நிறுவனம் 'உன் காலம் முடிந்தது' என்கிறது. இப்படி உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இன் இறுதியிலேயே கணக்குப் போட்டுச் சொன்னது. தகுதி இல்லாத பெட்டியிலும் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11 போட்டுத் தரும் வித்தை கடைகளுக்குத் தெரியும். ஆனால் அப்படிப் போட்டால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு 8 ஜிபி பென் டிரைவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் என்றதும் கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் மனதில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தபோது அது அப்படித்தான் இருந்தது. இன்று சட்டைப்பையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது அதே லினக்ஸ் கெர்னல்தான். உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாதது ஒன்றுகூட இல்லை. லினக்ஸைத் தொட்டதே கிடையாது என்பவர், போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பாக்கி இருப்பது வீட்டு மேசை மட்டும்.

மேசைக்கு ஏற்றது எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் போதும். அதற்கு ஒரு குலவரிசை உண்டு. 1993-இல் தொடங்கிய டெபியன் தாத்தா. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் கொண்டுவந்த உபுண்டு மகன். 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் ஆரம்பித்த மின்ட் பேரன். நம் ஊரில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியன் வீட்டுப் பிள்ளைதான். மின்ட்டின் திரையில் இடதுகோடியில் கீழே ஒரு பொத்தான், அதை அழுத்தினால் பட்டியல், வலதுகோடியில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவர் அரை மணி நேரத்தில் புழங்கிவிடுவார்.

சோதித்துப் பார்க்கும் முறை எளிது. சுமார் 3 ஜிபி அளவுள்ள கோப்பை மின்ட்டின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு சிறு நிரலைக் கொண்டு பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அதில் ஏற்கெனவே இருந்த கல்யாணப் படங்கள் அழிந்துபோகும் என்பதால் காலி டிரைவாக எடுப்பது நல்லது. பிறகு கணினியை அணைத்து, டிரைவைச் செருகி, திறக்கும்போதே எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. யுஎஸ்பி என்று வரும் வரியைத் தேர்ந்தெடுத்தால், ஓரிரு நிமிடத்தில் முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். உள்ளே இருக்கும் வன்தட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி திறந்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் சுவரில் ஓரமாக ஒரு கை பூசிப் பார்ப்பது போன்ற வசதி இது. விண்டோஸ் இந்த வசதியை வீட்டுப் பயனருக்குத் தருவதில்லை. ஆனாலும் லினக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டு நிறுவலுக்குப் போய்விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் நிறுவவே கூடாது என்பதுதான் உருப்படியான யோசனை.

அந்த இரண்டு நாளில் பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள். வைஃபை பிடிக்கிறதா? சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகள் முரண்டு பிடிக்கும். அப்போது போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தால் தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். சத்தம் வருகிறதா, வெப்கேமில் முகம் தெரிகிறதா, மடிக்கணினி என்றால் மூடித் திறந்ததும் விழித்துக்கொள்கிறதா? வங்கித் தளம் திறக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிண்டர். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைகள்தோறும் காணப்படும் கேனான் எல்பிபி 2900-க்கு லினக்ஸ் டிரைவரை அந்நிறுவனமே தருகிறது என்றாலும், அதை ஓடவைப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். வேகத்தை மட்டும் இந்தக் கட்டத்தில் எடை போடக்கூடாது. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாமே ஒரு தப்படி பின்தங்கித்தான் இருக்கும்.

மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ரொம்பப் பழைய பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான திரைமுகத்தோடு வரும் பதிப்பு இருக்கிறது. இதில் ஒரு பொய்யை உடைத்துவிட வேண்டும். லினக்ஸ் போட்டால் கிழட்டுக் கணினி குதிரை போல ஓடும் என்று சொல்கிறார்களே, அது பாதி உண்மை. இயங்குதளம் சிக்கனமாக இருக்கும். ஆனால் இன்றைக்கு நினைவகத்தைத் தின்பது பிரவுசர்தான். நாலு டேபில் நாலு வீடியோ திறந்தால் எந்த இயங்குதளமானாலும் 2 ஜிபி பெட்டி மூச்சு வாங்கும். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டால்தான் பெட்டிக்கு உண்மையான மறுபிறவி. அதை விண்டோஸ் வைத்திருப்பவரும் செய்யலாம்.

சரி, பிடித்துப்போய்விட்டது, நிறுவுவோம் என்றால், அங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது பெரியது. வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா, விண்டோஸோடு பக்கத்தில் நிறுவவா என்று ஒரு திரை கேட்கும். அவசரத்தில் தவறான வட்டத்தில் புள்ளி விழுந்தால் பத்து வருடத்துப் புகைப்படங்கள் போய்விடும். வெளித்தட்டு ஒன்றில் நகல் எடுக்காமல் அந்தத் திரைக்கு வரவே கூடாது. இரண்டாவது பிட்லாக்கர். பல மடிக்கணினிகளில் விண்டோஸ் தானாகவே தட்டைப் பூட்டிவைத்திருக்கிறது. உரிமையாளருக்கே அது தெரியாது. செக்யூர் பூட் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினாலும் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவியை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டி டிரைவ் லினக்ஸில் திறக்கும், ஆனால் எழுத விடாது.

மூன்றாவது பள்ளம் வேடிக்கையானது. இரண்டு இயங்குதளமும் ஒரே பெட்டியில் இருந்தால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடும் சங்கதிதான். ஆனால் யாரும் முன்னாலேயே சொல்லாததால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

தமிழுக்கு வருவோம். இந்த விஷயத்தில் லினக்ஸ் கடன்பட்டிருப்பது பெரிய நிறுவனங்களுக்கு அல்ல. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, உலகின் பல மூலைகளில் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து மொழிபெயர்த்த ஆர்வலர்களுக்கு. அன்றைக்கே கே.டி.இ. திரைமுகத்தைத் தமிழில் பார்க்க முடிந்தது. இன்று மின்ட்டில் தமிழ் மொழித் தொகுப்பைச் சேர்த்தால் எழுத்துருக்கள் வந்துவிடும். ஐபஸ் என்கிற உள்ளீட்டு ஏற்பாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. திரைமுகத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம்; ஆனால் மொழிபெயர்ப்பு சில இடங்களில் அரைகுறையாக நிற்கும், சில சொற்கள் புருவத்தை உயர்த்த வைக்கும். ஆங்கிலத் திரையும் தமிழ் உள்ளீடுமாக வைத்துக்கொள்வோர்தான் அதிகம். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழில் இதற்கெல்லாம் தமிழிலேயே கைப்பிடித்துச் சொல்லித்தரும் கட்டுரைகள் கிடைக்கின்றன.

வானவில், பாமினி காலத்துக் கோப்புகள்தான் தலைவலி. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் போட்டுப் பழைய கடிதத்தைப் படித்துவிடலாம். அதே விசையமைப்பில் புதிதாகத் தட்டச்சுவது வேறு கதை. முப்பது வருடமாக ஒரே விசையமைப்பில் விரல் பழகிய தட்டச்சரிடம் போய் யூனிகோடின் பெருமையைச் சொல்வது எடுபடாது.

வேறு எங்கெல்லாம் எடுபடாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். டேலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. கணக்கு எழுதிப் பிழைப்பவர் அதைவிட்டு வர மாட்டார், வரவும் வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் வடிவமைக்கும் கடைகளுக்கு கோரல்டிராவும் போட்டோஷாப்பும் சோறு. இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவருவது சிடிஆர் கோப்பு. வேலரன்ட் போன்ற சில இணைய விளையாட்டுகள், ஏமாற்று வேலையைத் தடுக்கும் நிரல் காரணமாக லினக்ஸில் ஓடுவதில்லை. மற்றபடி ஸ்டீம் என்கிற இணையக் கடையில் உள்ள விளையாட்டுகளில் மிகப் பலவும், விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓடவைக்கும், 2018-இல் வந்த புரோட்டான் நிரலின் புண்ணியத்தில் ஓடுகின்றன. எம்எஸ் வேர்டில் செய்த பயோடேட்டாவை லிப்ரே ஆபிஸில் திறந்தால் அட்டவணையின் கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கும். அரசுத் துறைக்கு மாக்ரோ வைத்த எக்செல் படிவம் அனுப்ப வேண்டியிருந்தால் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரைத் தேடத்தான் வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு என்றாலும், அவற்றைப் பொருத்தித் தரும் முகவருக்கு அது தெரிந்திருக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் லினக்ஸ் வீட்டுக்குள் வராததற்கு மென்பொருளின் குறை ஒரு பங்கு காரணம் என்றால், 'தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை' என்பது மூன்று பங்கு.

இதை நிரூபிக்க நம் மாநிலத்தின் சொந்த அனுபவமே போதும். இங்கே பாடப்புத்தகம் ஒருபோதும் பின்தங்கியதில்லை. 2000-களின் மேல்நிலை வகுப்புக் கணினி மாணவர்கள் படித்தது ஸ்டார் ஆபிஸ். 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் உபுண்டு இருக்கிறது, ஓப்பன் ஆபிஸ் ரைட்டரும் கால்க்கும் இருக்கின்றன. 2006-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது மாநில அரசின் எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது, பாஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி துறைகளை மாநில அரசு கேட்டுக்கொண்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றில் பலவற்றைத் திறந்தால் பாஸா, விண்டோஸா என்று முதல் திரை கேட்கும். இந்தியாவில் இத்தனை பிள்ளைகளின் கைக்கு லினக்ஸ் இவ்வளவு நேரடியாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் மிகச் சில.

பிறகு என்ன ஆனது? பாஸ் இருக்கும் பகுதியை அழித்து இடத்தைக் காலி செய்வது எப்படி என்பது வகுப்புக்கு வகுப்பு கைமாறிய வித்தையாயிற்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாஸில் ஏதாவது நின்றுபோனால் கேட்பதற்கு ஆசிரியருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. படிப்பது ஓப்பன் ஆபிஸ், செய்முறைக்கூடத்தில் பல இடங்களில் எம்எஸ் ஆபிஸ் என்ற கூத்தும் நடந்தது.

இன்னொரு தவறும் நடந்தது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கும், தளை இல்லாததையும் குறிக்கும். அந்தக் குழப்பத்தை விளக்கியே 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் பாதி வாழ்நாள் போயிருக்கும். தமிழில் அந்தச் சிரமமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நல்ல சொல்லாகக் 'கட்டற்ற மென்பொருள்' என்று இங்குள்ள ஆர்வலர்கள் புழக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பிரசாரத்தில் ஓங்கி ஒலித்தது இலவசம்தான். கிராக் போட்ட விண்டோஸை ஏற்கெனவே இலவசமாக வைத்திருப்பவரிடம் போய், இதுவும் இலவசம் என்றால் அவர் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறார்? காசு கொடுத்து உரிமம் வாங்கும் ஜெர்மனி போன்ற இடத்தில் விலையை வைத்து வாதாடலாம்; இங்கே அந்த வாதம் முதல் நாளே செத்துவிட்டது.

இப்போது மாறியிருப்பது விலையல்ல, ஆயுள். மேசையில் இருக்கும் பெட்டி எப்போது கிழடாகிறது என்று யார் முடிவு செய்வது என்பதுதான் புதிதாக முளைத்திருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிராக்கில் பதில் இல்லை. கட்டற்ற மென்பொருளில் இருக்கிறது: ஒரு குழு கைவிட்டால் மூலநிரல் கையில் இருப்பதால் இன்னொரு குழு எடுத்துக்கொள்ளும். அங்கும் காலக்கெடு இல்லாமல் இல்லை. 32 பிட் சிப்புகளை உபுண்டு குடும்பம் எப்போதோ கைவிட்டது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியை நிறுத்திக்கொண்டது. ஆனால் அவை பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெட்டிகள். எட்டு வயதுப் பெட்டியை வெளியேற்றுவது வேறு கணக்கு.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க வாளையாறைத் தாண்டினால் போதும். 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே காலத்தில் உருவான கேரளப் பள்ளிக் கணினித் திட்டம் படிப்படியாக முழுக்க லினக்ஸுக்கு மாறியது. அதுவே இன்று 'கைட்' என்ற அரசு நிறுவனம். 2019-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு உபுண்டுவைத் தழுவிய சொந்தப் பதிப்பைக் கொண்டுவந்தபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் அறிவித்தது. கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மென்பொருள் உரிமம் என்று வைத்துப் பெருக்கிய தொகை அது. எந்தப் பள்ளியும் அவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கப்போவதில்லை என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். கவனிக்க வேண்டியது கோடிகளை அல்ல. அங்கே பள்ளி ஆசிரியர்களே நிறுவவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றார்கள். ஆளுக்கொரு கணினியைத் தூக்கி வந்து கூடிப் போட்டுக்கொள்ளும் நிறுவல் முகாம்கள் நடந்தன. சந்தேகம் வந்தால் பள்ளியில் கேட்கலாம் என்ற தெம்பு வீட்டுக்கு வந்தது.

ஆளைத் தயார் செய்தாலும் தலைமை மாறினால் கதை மாறும் என்பதற்கு மியூனிக் சாட்சி. லினக்ஸுக்கு மாறுவதாக அந்த நகரம் 2003-இல் யோசித்தபோது, மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடினார். அப்படியும் நகரம் மாறியது. 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளில் லினக்ஸ் ஓடியது. 2017-இல் புதிய தலைமையின் கீழ் நகரசபை மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. வெளி அலுவலகங்களோடு கோப்பு மாற்றிக்கொள்வதில் இருந்த உரசல்கள் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்ற முடிவெடுத்திருக்கிறது. இந்த ஊசலாட்டம் அரசு அலுவலகங்களின் பாடு. வீட்டுக் கணினிக்கு நகரசபையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

வீட்டுக்கு வேண்டியது நம்பி அழைக்க ஓர் ஆள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதக் கூட்டம் நடத்திப் பல தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு உண்டு. விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியே தருகிறது. இவர்களெல்லாம் வேலை நேரம் போக வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி திறக்கவில்லை என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் போடுவது தெருமுனைக் கடைக்குத்தான். ஆகவே லினக்ஸ் ஆர்வலர்கள் கல்லூரிக் கருத்தரங்குகளில் செலவிடும் நேரத்தில் பாதியைக் கணினிப் பழுதுக் கடைகளுக்கு ஒதுக்கினால் பலன் இருக்கும். எஸ்எஸ்டி மாற்றுவது, தட்டைப் பிரிப்பது, பயாஸில் புகுந்து வருவது எல்லாம் அந்தத் தம்பிகளுக்கு ஏற்கெனவே தண்ணீர் பட்ட பாடு. கறுப்புத் திரையைப் பார்த்து அவர்கள் பயப்படுவதும் இல்லை. இந்த வேலையால் கடைக்கு என்ன கிடைக்கும் என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

கிடைப்பது கூலிதான். இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கலாமா என்ற தயக்கம் சில கடைக்காரர்களுக்கு இருக்கலாம். கிராக் விண்டோஸுக்கு வராத தயக்கம் இதற்கு வருவது விசித்திரம். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் நகலெடுத்து விற்பதையே தடுப்பதில்லை. நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி வாங்குவதை எங்கே தடுக்கப்போகிறது? வைஃபை பிடிக்க வைத்து, பிரிண்டரை ஓடவைத்து, தமிழ்99-ஐச் சேர்த்து, பழைய படங்களைப் பத்திரமாக மாற்றிக் கொடுப்பது அரை நாள் வேலை. வழக்கமான ஃபார்மேட் கூலியைவிட இருநூறு ரூபாய் கூடக் கேட்டாலும் தகும். ஒளித்துச் செய்ய வேண்டியதும் இல்லை.

ஃபார்மேட் அடித்த தேதியை மார்க்கர் பேனாவால் சிபியுவின் பக்கவாட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. மின்ட்டின் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதிக்குக் கீழே அந்த ஆண்டையும் கடையின் போன் எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம்.